இரண்டு விரல் வாட்டம்

அன்பு மகன் தினேஷுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். மழையும் நல்ல சுகமாகத்தான் இருக்கிறது, மூன்று நாளாக விட்டபாடில்லை. நமுனுகுல மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மழைக்காலத்தில் மேசனுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத மேசன் வீட்டில் இருந்தால் அம்மாவின் வாய்க்கு வேலை வந்துவிடும். அதனால் "முக்கியமான கடிதம் எழுதுகிறேன், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு வீட்டு முன்புற இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் இரண்டு தடவை சொல்லப் பார்த்தேன். முதல் தடவை "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை "மழையா அங்கே" என்று கேட்டு வைத்துவிட்டேன். இனி என் வாயை நம்பிப் பயன் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்காதே, முழுவதையும் படி.

போன கிழமை நானும் அம்மாவும் உன் கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயரை எழுத உட்கார்ந்தோம். தெமோதரை சொந்தம் முடிந்து, பேக்டரி ஆட்கள் முடிந்து, நம் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீடுகளுக்கு வந்ததும் அம்மா "லோகு" என்றாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்த லோகேஸ்வரன்தான், வேறு எந்த லோகு? நான் எழுதினேன். அதற்குள் அம்மாவே, "அழிச்சிருங்க. தினேஷ்கிட்ட கேட்டேன், வேணாம்மா அவன் வரமாட்டான்னு சொல்றான்" என்றாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "ஒரு மோட்டருக்காக ஒம்பது வருசமாங்க ரெண்டு பேரும் பேசாம இருப்பாங்க?" என்று கேட்டாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

தினேஷ், அந்த மோட்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை. நீ லோகுவின் மேல் போட்ட பழி என்னுடையது. அவன் இல்லாமல் உன் கல்யாணம் நடந்தால் அதற்குக் காரணம் நான்தான். அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வயதில் ஒரு கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பிறந்த வருடம் நம் லயத்து வீட்டுக் காம்பராவில் மண் தரைதான். பின்சுவருக்குப் பின்னால் மேடு. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் சுவருக்கு அடியால் ஊறி உள்ளே வரும். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாக்கு போட்டு ஒற்றி எடுப்பாள். மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் தரை போடுகிறவன் தன் வீட்டில் சாக்கு போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! ஒரு வெயில் காலத்தில் லீவு போட்டு, நானே சீமெந்துத் தரை போட்டேன். பின்சுவரிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு விரல் வாட்டம் கொடுத்தேன். ஊறி வருகிற தண்ணீர் தேங்காமல் தானாக வாசல் வழியாக, வெளியே மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் போய்விடும். சும்மா சொல்லக் கூடாது, என் கையால் நான் செய்த வேலைகளில் அதுதான் திறமான வேலை. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் கட்டிலுக்கும் தெரிந்துவிட்டது. தரை காய்ந்த மறுநாளே அம்மா, "கட்டில் ஆடுது, தரை கோணல்" என்றாள். என் வேலையைப் பார்த்துக் கோணல் என்று ஒருத்தி சொல்வதா? நான், "வாட்டம் கொடுத்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தரை தட்டு மாதிரி மட்டம். உங்க அப்பா வீட்டுல இருந்து வந்த கட்டில்தான் கோணல்" என்று கத்தினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தரை மட்டம் என்பது எங்கள் வீட்டின் சட்டமாகிவிட்டது. அம்மா கட்டில் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தாள். நான் அந்த அட்டையைப் பார்க்காத மாதிரி இருந்தேன். கல்யாணம் கட்டப் போகிற உனக்கு இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்சாதியிடம் கோபத்தில் சொன்ன பொய்யை அன்று சாயந்திரத்துக்குள் திருத்திவிடு. ஒரு நாள் தங்கவிட்டால் அதற்கும் சேர்த்துச் சோறு போட வேண்டி வரும். நான் போட்டேன்.

இனி உங்கள் ரோபோவுக்கு வருவோம். உயர்தரம் படிக்கும்போது நீயும் லோகுவும் அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா, "ரோபோன்னா மனுசன் மாதிரி நடக்குமா?" என்று கேட்க, நீ "இல்லம்மா, சக்கரத்துல ஓடும்" என்றாய். "அப்ப அது கார்தானே?" என்று அவள் கேட்டதும் லோகு சிரித்த சிரிப்பு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். போட்டி விதியை எனக்கும் சொல்லித் தந்தீர்கள். யாரும் தொடக் கூடாது, ரிமோட் கிடையாது, தரையில் கோடு கிடையாது. ஒரு கட்டத்திலிருந்து தானாகப் புறப்பட்டு, பன்னிரண்டு அடி நேராகப் போய், ஒரு சின்ன மரக்கட்டையைத் தள்ளி எதிர்க் கட்டத்துக்குள் விட வேண்டும். மூன்று தடவை ஓட விடுவார்கள். மூன்று தடவையும் கட்டை கட்டத்துக்குள் விழுந்தால்தான் முழுப் புள்ளி. "வேகம் முக்கியம் இல்லப்பா, நம்பி விடலாம்ங்கிற மாதிரி ஓடணும், அதான் மார்க்ஸ்" என்று நீ சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது, ஏனென்றால் மேசன் வேலையும் அதுதான்.

கணக்கு எழுதி அதன் மூளையில் ஏற்றுகிற வேலை உன்னுடையது. உடம்பு லோகுவின் வேலை. பழைய ரேடியோ கடை, ஸ்கூட்டர் கடை என்று பதுளை டவுன் முழுக்க அலைந்து, எங்கோ ஒரு கடையில் பழைய சாமானுக்குள் கிடந்த இரண்டு மோட்டரை அவன்தான் தேடிப் பிடித்தான். வீட்டில் வைத்துக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் கேட்பான். டொக்டர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி இருக்கும் அதைப் பார்க்க. பள்ளிக்கூட லீவு வந்தது, ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நம் வீடுதான் ஆய்வுகூடம். அம்மா மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டுக் களைத்து வந்தால் அலுமாரி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், பாய் சுருண்டிருக்கும், தரையில் சோக்குக் கட்டியால் கட்டம் போட்டிருக்கும். ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். பலகாரம் சுட்டுத் தருவாள். ரோபோவுக்கும் பொட்டு வைக்க வந்தபோது லோகு, "அம்மா, அது கண்ணு, அதுல வெச்சா குருடாயிரும். முதுகுல வைங்க" என்று கையைப் பிடித்தான். அவள் முதுகில் பெரிதாக வைத்தாள்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நல்ல காரியம் சாமிப் பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் ரோபோ எப்போதும் சாமிப் படத்துக்குக் கீழேயிருந்து புறப்பட்டு அலுமாரிப் பக்கம் போகும். நீங்களும் சரி என்று தலையாட்டினீர்கள். அலுமாரிப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவை திருப்பி ஓட விட்டிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். சாமி என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் சாமிக்கும் இதில் சம்பந்தம் இல்லை, நான் பேசாமல் இருந்ததுதான் காரணம்.

முதல் நாள் ஓட்டத்திலேயே அது நேராகப் போகவில்லை. வலப்பக்கமாக, வாசலை நோக்கி, மெல்ல மெல்ல இழுத்தது. நீ கணக்கைப் பார்த்தாய், கணக்கு சரி. "வலது மோட்டர் மந்தம்டா" என்றாய். லோகு இரண்டு மோட்டரையும் கழற்றி, காதில் வைத்துக் கேட்டு, "ரெண்டும் ஒன்னுதான்டா" என்றான். திரும்பப் பூட்டி ஓட விட்டீர்கள், திரும்பவும் வாசலுக்கு இழுத்தது. லோகு குனிந்து தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். அம்மாவும் நின்றாள். லோகு நிமிர்ந்து பார்த்து மரியாதையாகத்தான் கேட்டான்.

"மாமா, தரை மட்டமா இருக்குங்களா?"

அடேயப்பா, எனக்கு வந்ததே ஒரு வேகம்! "டேய், மேசன் வீட்டுக்குள்ள வந்து தரை மட்டமான்னு கேக்குறியா? கோயிலுக்குள்ள போய் சாமி இருக்கான்னு கேப்ப போலயே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். லோகு மட்டும் காது சிவந்து குனிந்துகொண்டான். பிறகு நீ வலது சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கொடுத்தாய். மறுநாள் இன்னும் கொஞ்சம். நாலாம் நாள் ரோபோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க் கட்டையைத் தள்ளியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பத்து ஓட்டம். ஒரு கொப்பியில் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து என்று நீ எழுதி வைத்தாய். எழுதும்போதெல்லாம், "லோகுவோட மந்த மோட்டர நான் கணக்காலேயே திருத்திட்டேன்ப்பா" என்பாய். நான் சிரிப்பேன். என் தரையின் வாட்டத்தைத்தான் நீ திருத்தியிருக்கிறாய் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை. வாட்டம் இருப்பது தெரியும். ஆனால் இவ்வளவு சின்ன சாமானுக்கு அது ஒரு பொருட்டா என்று இருந்துவிட்டேன். அதுவரைக்கும் என் தவறு வெறும் வாய்க்கொழுப்பு. அதற்கு மேல் செய்ததுதான் பாவம்.

போட்டி அன்று ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் நாம் மூன்று பேரும் போனோம். பெட்டியை லோகு மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதோடு சேர்ந்து சாய்ந்துகொண்டு வந்தான். பதுளையில் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நான் முதலில் பார்த்தது தரையைத்தான், வேறு எதைப் பார்ப்பேன்? பளபளவென்று, ஒரு குறை சொல்ல முடியாத மட்டம். எனக்குப் பக்கத்தில் டை கட்டிய ஓர் அப்பா, பெரிய பள்ளிக்கூடத்துப் பையனோடு வந்தவர், "உங்கட பிள்ளையள் எங்க வச்சுப் பழகினவை?" என்று கேட்டார். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர், ஏதோ கந்தோரில் பெரிய உத்தியோகம். "நான் மேசன் சார். என் கையால போட்ட தரை, இந்த மண்டபத்து தரைய விட மட்டம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். யாராவது கேட்டார்களா என்னை? கேட்ட கேள்விக்கு வீட்டில் என்று சொன்னால் போதாதா?

முதல் ஓட்டம். ரோபோ புறப்பட்டது, பாதி தூரம் போனது, இடப்பக்கமாக வளைந்து கட்டையைத் தொடாமலே போய் ஓரத்தில் நின்றது. நீ சிரித்துச் சமாளித்தாய். இரண்டாவது ஓட்டமும் அதே இடம், அதே வளைவு. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் வலப்பக்கம் இழுத்த தரைக்கு நீ கொடுத்த கணக்கு, மட்டமான தரையில் இடப்பக்கம் தள்ளுகிறது. கடைசி ஓட்டத்துக்கு முன்னால் திருத்திக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கொடுத்த கூடுதல் வேகத்தை எடுத்துவிட்டால் போதும், அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. நீங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மோட்டரைக் கழற்றிப் பூட்டினீர்கள். அப்போது லோகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். எழுந்து என் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"மாமா, நெசமாவே வீட்டு தரை மட்டம்தானுங்களே?"

அந்த டை கட்டிய ஆள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். நான், "மட்டம்தான்ப்பா. நீ போய் மோட்டர பாரு" என்றேன்.

எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது மகன். இரண்டு பிள்ளைகள் ஒரு லீவு முழுக்க முழங்கால் தேய உழைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தையில் நான் காப்பாற்றியிருக்கலாம். யாரென்றே தெரியாத ஒரு மனிதர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று பார்த்தேன். அவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எதிரில் வந்தால் அவருக்கு என் முகம் கூட ஞாபகம் இருக்காது.

மூன்றாவது ஓட்டமும் அப்படியே ஆனது. அதற்குப் பிறகு நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும், "ஒன் ஓட்டை மோட்டராலதான்டா எல்லாம் போச்சு! குப்பையில பொறுக்கினது குப்பையாத்தான் ஓடும்!" என்று கத்தினாய். உன் கோபம் என் கோபம்தான், எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? லோகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பஸ்ஸில் அவன் முன் சீட்டில், நீ பின் சீட்டில், நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட் காலியாக இருந்தும் உட்கார மனம் வரவில்லை.

நாலு நாளில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பையன்கள் சண்டைதானே! பிறகு பரீட்சை வந்தது, நீ கம்பஸ் போனாய், அவன் டவுனில் வேலை பழகப் போனான். வருடம் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. முதல் வருடம் சொன்னால் தப்பு செய்தவன், ஐந்தாம் வருடம் சொன்னால் ஐந்து வருடம் மறைத்தவன். இப்படியே ஒன்பதாக்கிவிட்டேன். உனக்கு வேலை கிடைத்த அன்று, மெசின்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் நெஞ்சு குத்தியது. இப்போது நீ பெரிய எஞ்சினியர், உனக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கொப்பியை நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. ஒரே தரையில், ஒரே பக்கமிருந்து, பத்து தடவை ஓட விட்டது பத்து தடவை இல்லை தம்பி. ஒரு தடவைதான், அதைப் பத்து தரம் எழுதி வைத்தோம். சுகன்யா பிள்ளையை நீ கொழும்பில்தான் கண்டிருக்கிறாய், அவளும் உன்னைக் கொழும்பில்தான் கண்டிருக்கிறாள். லீவு நாளில் கடற்கரையில் இரண்டு பேரும் நேராகத்தான் ஓடுவீர்கள். காய்ச்சல் வரும், மாமியார் வந்து ஒரு மாதம் தங்குவாள், நான் வந்து கதவு நிலை கோணல் என்று குறை சொல்லுவேன். அந்த நேரத்தில் வண்டி இழுத்தால் உடனே எதிராளியின் மோட்டர் மந்தம் என்று சொல்லிவிடாதே. கொஞ்சம் குனிந்து தரையையும் பார். பெரும்பாலும் அந்தத் தரையை உன் அப்பன் மாதிரி ஒரு ஆள்தான் போட்டிருப்பான்.

பட்டியல் எழுதிய அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "எங்கப்பா குடுத்த கட்டில இருவத்தஞ்சு வருசமா கோணல்னு சொன்னீங்களே! அய்யோ, அந்த மனுசன் இருந்தா இப்ப காலில விழ வெச்சிருப்பேன்!" சிரித்து முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது. "அந்த பிள்ள வீட்டுக்கு வந்தா நம்ம தட்டுலதாங்க சாப்புடும்" என்றாள். உள்ளே போய் என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள்.

வெற்றிலை பாக்கோடு ஒரு கார்டை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். லோகுவின் கடையை நீ பார்த்ததில்லை. மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற கடை. சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் பேக்டரி மோட்டர் எரிந்தால் அவனைத்தான் தேடி வருகிறார்கள், வாசல் முழுக்க மோட்டராகக் கிடக்கிறது. கையில் கிரீஸோடு எழுந்து வந்து, "வாங்க மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டம், கட்டில், மண்டபம், பத்து நிமிடம், எல்லாம். பெரிய வார்த்தையாக மன்னிப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை, "தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்றேன். அவன் சிரித்தான்.

"அப்பவே தெரியும் மாமா."

போட்டி முடிந்த மறுகிழமை, தன் குறடு, ஸ்குரூ டிரைவர் எல்லாம் எடுக்க நம் வீட்டுக்கு வந்தானாம். நீ வீட்டில் இல்லை, நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா அவனுக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போன நேரம், ரோபோவை அலுமாரிப் பக்கமிருந்து திருப்பி ஓட விட்டுப் பார்த்திருக்கிறான். "அந்த பக்கமிருந்து நேரா போனது, இந்த பக்கமிருந்து வாசல தாண்டி கானுக்குள்ள எறங்கிருச்சு மாமா. அப்ப வெளங்கிருச்சு" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆவும்? அவன் உங்ககிட்ட வந்து நிப்பான். எங்கப்பா போட்ட தரைன்னு ஸ்கூல் முழுக்க பெருமையா சொல்லிட்டு திரிஞ்ச பய. அத ஒடைக்க மனசு வரல மாமா. நம்ம மேல ஒரு பழிதானே, இருந்துட்டு போவட்டும்னு விட்டுட்டேன்."

பதினெட்டு வயதில் ஒரு பையன் இப்படி நினைத்திருக்கிறான், தினேஷ். என் பிள்ளைக்கு முன்னால் என் மானத்தை அவன் காப்பாற்றியிருக்கிறான், நான் அவனை வாசலோடு மறந்துவிட்டேன். கடைவீதியில் நின்று அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் யோசிக்காமல் கையிலிருந்த கிரீஸ் துணியையே எடுத்து நீட்டிவிட்டான், நான் அதிலேயே முகம் துடைத்து என் வெள்ளைச் சட்டை போச்சு. அம்மா இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறாள். "என் மேல கோவம் இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"உங்க மேல இல்ல மாமா. அவன் மேல இருந்துச்சு. மோட்டர் போச்சுன்னு கத்தினதுக்கு இல்ல. அது தோத்த கோவம். அந்த பத்து நிமிசத்துலயும் சரி, பொறகும் சரி, 'நீ என்னடா நெனைக்கிற'ன்னு என்னைய ஒரு தடவ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு கூட சொல்ல மாட்டேன். கேட்டிருக்கலாம்."

கார்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, உன் பெயரையும் சுகன்யாவின் பெயரையும் படித்து, "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லி, திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பாதியில் விட்டு வந்த மோட்டரிடம் போய்த் திரும்பக் குனிந்துவிட்டான்.

என் பங்கை நான் போய்ச் சொல்லிவிட்டேன். நீ வரும்போது என்னைத் திட்டுவதற்கு இருக்கிறதை எல்லாம் திட்டிக்கொள், வாயைத் திறக்க மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, பையோடு நேராக அவன் கடைக்குப் போ. கார்டைப் பிறகு கொடுக்கலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையிலிருக்கிற மோட்டரைக் காட்டி, "நீ என்னடா நெனைக்கிற?" என்று கேள். அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் எழுந்து வராதே.

அன்புடன்,
அப்பா